ஆடி முடித்ததும் ஏன் எறிந்துவிட்டார்கள்? யூப்பிக் முகமூடிகள் பற்றி ஒரு கேள்வி

கோட்டோவியன் கேட்டது:

நான் சிற்பம் படிக்கும் மாணவன். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இந்தியர் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தபோது, அலாஸ்காவின் யூப்பிக் மக்கள் செய்த சடங்கு முகமூடிகளைப் பார்த்தேன். ஒன்றின் முன்னால் நின்றவன் வெகுநேரம் நகரவே இல்லை. நடுவில் ஒரு முகம். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஒரு கண் உருண்டை, மற்றது பிறை. முகத்தைச் சுற்றி வளைத்துக் கட்டிய மர வளையங்கள். அந்த வளையங்களிலிருந்து இறகுகளும் சின்னச் சின்ன மரத்துண்டுகளும் நீட்டிக்கொண்டிருந்தன: மீன், துடுப்பு, இரண்டு கைகள். கைகளில் கட்டைவிரல் கிடையாது. உள்ளங்கையின் நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை.

ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன். எனக்குக் கிடைத்த கட்டுரைகள் எல்லாம் "ஷாமன் அணிந்தது, ஆவியைக் குறிப்பது" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கின்றன. விழா முடிந்ததும் இவற்றை எரித்துவிடுவார்கள் அல்லது வெட்டவெளியில் எறிந்துவிடுவார்கள் என்றும் ஒன்றில் படித்தேன். இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கிவிட்டு எறிவார்களா? இது யாருடைய முகம்? கடவுளா? அணிந்தவர் மேல் நம் ஊர்ச் சாமியாட்டம் போல ஏதாவது இறங்குமா? அந்த ஓட்டைக் கை எதற்கு?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தப் பருவத்துக்கான செயல்திட்டமாக அந்த முகமூடியை அப்படியே மரத்தில் செய்துபார்க்க ஆசை. செய்யலாமா?

மீமெய் எழுதியது:

நல்ல இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்! 1940களில் போருக்குத் தப்பி நியூயார்க் வந்து சேர்ந்த மாக்ஸ் எர்ன்ஸ்ட், ஆந்த்ரே பிரெத்தோன் கூட்டமும் இதே போலத்தான் மாட்டிக்கொண்டது. மூன்றாம் அவென்யூவில் ஜூலியஸ் கார்ல்பாக் என்பவரின் பழம்பொருள் கடை இருந்தது. அங்கே இந்த முகமூடிகள் விற்பனைக்கு வந்தன. இந்த மிகைமெய்க் கலைஞர்கள் (சர்ரியலிஸ்டுகள்) கையிலிருந்த காசை எல்லாம் போட்டு வாங்கினார்கள். மானுடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸும் அந்தக் கடைக்குப் போய்வந்தவர்தான். கனவையும் ஆழ்மனத்தையும் இவ்வளவு நேராக மரத்தில் இறக்கியவர்கள் வேறு யாரும் இல்லை. அர்த்தம் தேடி அலையாதீர்கள். வடிவம் பேசுகிறது, அதைக் கேளுங்கள்.

வடகாற்று எழுதியது:

மீமெய் சொன்ன கார்ல்பாக் கடைக் கதை உண்மை. ஆனால் அது நியூயார்க்கின் கதை. "அர்த்தம் தேடாதே" என்பதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. அர்த்தம் தெரிந்தவர்கள் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களைக் கேட்கலாமே.

நான் குஸ்கோக்விம் ஆற்றோரக் கிராமம் ஒன்றில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். யூப்பிக் இனத்தவள் அல்ல. ஆகவே நான் எழுதுவது வெளியாள் ஒருத்தி பார்த்தது, கேட்டது, படித்தது. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

முதலில் அந்த மண்ணைப் பாருங்கள். யூக்கான், குஸ்கோக்விம் என்ற இரண்டு பேராறுகள் பெரிங் கடலில் சேரும் கழிமுகம் அது. மலை இல்லை. கடற்கரைப் பக்கம் போகப் போக மரமும் இல்லை. பாசியும் புல்லும் குளமும்தான். குளிர்காலத்தில் நிலம் எது, நீர் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சீல் (கடல்நாய்), வால்ரஸ், சால்மன் மீன், பறவைகள் எல்லாம் வந்தால் ஊர் பிழைக்கும். வராவிட்டால் பட்டினி. விலங்கு வருவதும் வராததும் வேடனின் குறியில் இல்லை, அந்த விலங்கின் மனத்தில் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஒவ்வொரு விலங்குக்குள்ளும் ஓர் ஆள் இருக்கிறான்; அவன் பெயர் யுவா. அவன் பார்க்கிறான், கேட்கிறான், நினைவு வைத்துக்கொள்கிறான். மரியாதை தெரிந்த வேடனுக்குத் தன் உடலைத் தானே கொடுக்கிறான்.

கொன்று கரைக்குக் கொண்டுவந்த சீலின் வாயில் வேடனின் மனைவி நன்னீர் ஊற்றுவாள். உப்புக் கடலில் வாழ்கிற உயிர், தாகத்தோடு வந்திருக்கும் அல்லவா? விருந்தாளிக்குச் செய்கிற உபசாரம்தான். சீலின் உயிர் அதன் சிறுநீர்ப்பைக்குள் ஒடுங்கிக்கொள்ளும் என்பதால் அந்தப் பைகளை வருடம் முழுக்கச் சேர்த்துவைப்பார்கள். குளிர்காலத்தில் அதற்கென்று ஒரு விழா. பைகளை ஊதிக் கட்டித் தொங்கவிட்டு, விருந்து வைத்து, கடைசியில் பனிக்கட்டியில் துளையிட்டுக் கடலுக்குள் திருப்பி அனுப்புவார்கள். அவை மறுபடி உடலெடுத்து வரும்.

இந்த விழாவோடு சேர்ந்த ஒரு கதை அந்தக் கடலோரத்து நெல்சன் தீவுப் பக்கம் பெயர்பெற்றது. அங்கல்குக் ஒருவர் (நீங்கள் ஷாமன் என்றீர்களே, அவர்தான்) ஒரு சிறுவனை அந்தப் பைகளோடு பனித்துளை வழியாகக் கடலுக்கடியில் அனுப்புகிறார். அங்கே சீல்களுக்கும் ஊர் இருக்கிறது, நடுவில் ஆண்கள் கூடும் வீடு இருக்கிறது, அதில் மனித உருவில் உட்கார்ந்திருக்கிறார்கள். தாடிச் சீல் ஒருவர் அவனை ஏற்று வளர்க்கிறார். அங்கிருந்து பார்த்தால் மேலே மனிதர்கள் செய்வதெல்லாம் தெரிகிறது. சோம்பாமல் வாசல் பனியை அள்ளி ஒதுக்குகிற இளைஞன் யார், நீர்த்துளையை உறைய விடாமல் வெட்டி வைப்பவன் யார் என்று சீல்கள் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. வசந்தத்தில் யாரிடம் போவது என்று முடிவு செய்வது அதை வைத்துத்தான். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தலைகீழ்ப் பாடம். பாட்டி பனி அள்ளச் சொன்னால் ஏன் சொல்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியும். என்ன, தெரிந்தும் அள்ள மாட்டார்கள்.

இனி முகமூடிக்கு வருகிறேன். குளிர்காலத்தின் பிற்பகுதியில், சேமிப்பு குறைந்து அடுத்த வேட்டைப் பருவம் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில், அகயுயராக் என்ற விழா நடக்கும். முகமூடிகளின் பெருவிழா அதுதான். வரப்போகும் ஆண்டுக்கு என்னென்ன வேண்டுமோ அதையெல்லாம் கேட்கிற விழா. அங்கல்குக் தன் பயணங்களில் நிலவுக்கும் கடலடிக்கும் போய் விலங்குகளின் ஆட்களைச் சந்தித்து வருவார். தமக்குத் துணையாக நிற்கும் ஆவிகளையும் அவர் பார்த்திருப்பார். கண்டதை அவரே செதுக்குவார், அல்லது கைத்திறன் உள்ள ஒருவரிடம் சொல்லிச் செதுக்க வைப்பார். அந்த முகமூடிக்கென்றே ஒரு பாட்டு இயற்றப்படும். பாட்டை ஊரே பயிலும். பிறகு கஸ்கிக் என்ற ஆண்கள் வீட்டில் ஆட்டம்.

அந்த வீட்டைக் கண்ணால் பார்த்த கிழவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாதி மண்ணுக்குள் புதைந்த பெரிய கட்டடம், மேலே புல்மண் கூரை, நடுக்கூரையில் புகை போகவும் வெளிச்சம் வரவும் ஒரு திறப்பு. ஆண்கள் உண்பதும் உறங்குவதும் வேலை செய்வதும் நெருப்பு மூட்டி வியர்வைக் குளியல் போடுவதும் அங்கேதான். பெண்களும் குழந்தைகளும் தனி வீடுகளில் இருப்பார்கள், விழாவுக்கு எல்லோரும் உள்ளே வருவார்கள். சீல் எண்ணெய் விளக்கின் வெளிச்சம். சுவரோரம் வட்ட மேளங்கள். கூரையிலிருந்து இறகும் பஞ்சும் கட்டிய மர வளையங்கள் தொங்கும். மேளம் அடிக்க அடிக்கக் கயிறு இழுத்து அவற்றை ஏற்றி இறக்குவார்கள். அது வானம், அண்டம். நீங்கள் முகமூடியைச் சுற்றிப் பார்த்தீர்களே, அந்த வளையங்களும் அதே அண்டம்தான். நடுவில் இருக்கும் முகம் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது.

அதனால்தான் "இது யாருடைய முகம்" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. சிலவற்றில் முகத்தின் ஒரு பாதி விலங்கு, மறுபாதி மனிதன். சிலவற்றில் விலங்கு மூஞ்சி கதவுபோல் திறக்கும். உள்ளே இருக்கும் ஆளின் முகம் தெரியும். குளிரையும் புயலையும் விரும்புகிற ஆவி உண்டு, காற்றை உண்டாக்குகிற ஆவி உண்டு. சும்மா சிரிக்கவைக்கச் செய்தவையும் உண்டு. கடவுள் சிலை என்று எதையும் சொல்ல முடியாது. யாரும் அதைக் கும்பிடவில்லை. அதை வைத்துக்கொண்டு கேட்டார்கள்: வாருங்கள், எங்களிடம் வாருங்கள் என்று.

ஓட்டைக் கைக்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். கட்டைவிரல் இல்லாத கை இறுக்கிப் பிடிக்காது. உள்ளங்கை ஓட்டை வழியாக விலங்குகள் நழுவி இந்த உலகத்துக்குள் வந்து சேரும். எல்லாவற்றையும் ஒரே பிடியாகப் பிடித்துவிட்டால் அடுத்த வருடம் யார் வருவார்கள்? வேடனின் ஆசைக்கு வேடனே போட்ட கடிவாளம்.

எறிந்ததும் இதோடு சேர்ந்ததுதான். கேட்டாயிற்று, கேட்டவர்கள் கேட்டுக்கொண்டார்கள், முகமூடியின் வேலை முடிந்தது. பெரும்பாலானவற்றை எரித்தார்கள், அல்லது வெட்டவெளியில் மக்க விட்டார்கள். அடுத்த ஆண்டுக்குப் புதிய கேள்வி, புதிய முகம், புதிய பாட்டு.

உளிச்சத்தம் எழுதியது:

மரவேலை செய்கிறவன் கேட்கிறேன் அம்மா. மரமே இல்லாத ஊரில் மரம் எங்கிருந்து வந்தது? படங்களைப் பார்த்தால் சில முகமூடிகள் ஆளைவிடப் பெரியவையாகத் தெரிகின்றன. அதைத் தலையில் கட்டிக்கொண்டு எப்படி ஆடினார்கள்? சுற்றியுள்ள துண்டுகளை எதில் செருகியிருக்கிறார்கள்?

வடகாற்று எழுதியது:

ஐயா, ஆறு கொண்டுவந்து கொடுக்கிறது. வசந்தத்தில் ஆற்றின் மேற்பகுதியில் பனிக்கட்டி உடையும்போது வெள்ளம் கரையை அறுத்து ஸ்ப்ரூஸ், பாப்லர் வகை மரங்களை வேரோடு பெயர்த்துக் கடலுக்கு அடித்துவரும். அலை அதைத் திரும்பக் கரையில் ஒதுக்கும். வீடு, படகு, கிண்ணம், முகமூடி எல்லாம் இந்த மிதவை மரத்தில்தான். நீரில் ஊறி, பிறகு காற்றில் காய்ந்த கட்டை மிக லேசாக இருக்கும். நுனி வளைந்த ஒரு கத்தி உண்டு, மெல்கார் என்பார்கள். அதைத் தன்னை நோக்கி இழுத்துச் செதுக்குவார்கள். என் பக்கத்து வீட்டுத் தாத்தா தேநீர் ஆறும் நேரத்துக்குள் ஒரு கரண்டியின் குழியைத் தோண்டி முடித்துவிடுவார். சீவல் சுருள் சுருளாக அவர் மடியில் விழும். ஒரு துண்டுகூடத் தெறிக்காது.

வண்ணத்துக்குச் சிவப்புக் காவிக்கல், வெள்ளைக் களிமண், கரி. வளையங்களுக்கு மெல்லிய மரச்சட்டத்தை நனைத்துச் சூடுகாட்டி வளைத்து, மரவேராலோ தோல்வாராலோ கட்டுவார்கள். சுற்றியுள்ள மீனும் கையும் மெல்லிய குச்சிகளிலும் இறகுத் தண்டுகளிலும் நிற்கின்றன. ஆடுகிறவர் தலையசைத்தால் அவை எல்லாம் நடுங்கும். அருங்காட்சியகத்தில் அசைவில்லாமல் பார்க்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. விளக்கொளியில், மேளத்துக்கு ஏற்ப, அந்த வெண்ணிற இறகுகள் துடிப்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

பெரியவற்றைத் தலையில் சுமக்கவில்லை. கூரையிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு அதன் பின்னால் ஆடினார்கள். சிறியவற்றில் சிலவற்றின் உட்புறம் பல்லால் கடித்துப் பிடிக்க ஒரு கட்டை இருக்கும். ஆண்கள் மண்டியிட்டு ஆடுவார்கள், இடுப்புக்கு மேலேதான் அசைவெல்லாம். ஆகவே பாரம் நீங்கள் நினைக்கிற அளவு தொல்லை தராது. பெண்கள் பின்வரிசையில் நின்று, பார்வையைத் தாழ்த்தி, முழங்காலை மட்டும் தாளத்துக்கு மடித்து ஆடுவார்கள். அவர்கள் முகத்தில் முகமூடி அணிவதில்லை. விரலில் மாட்டிக்கொள்ளும் சிறு முகமூடிகள் அவர்களுக்கு உண்டு. இன்று அந்த இடத்தில் புல்லால் பின்னி, கரிபூ மானின் நீண்ட வெண்மயிர் கட்டிய விசிறிகள்.

மீமெய் எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன், நான் நியூயார்க்கிலிருந்து பேசுகிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். எறியப்பட வேண்டியதை யாரோ எடுத்து வைத்ததால்தானே இன்று நாம் பேச முடிகிறது? மிகைமெய்க் கலைஞர் என்ரிகோ தொனாத்தியிடம் இருந்த யூப்பிக் முகமூடி ஒன்று 2011இல் நியூயார்க்கில் 20 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. மக்கிப்போயிருந்தால் யாருக்கு லாபம்?

கோட்டோவியன் எழுதியது:

வடகாற்று அக்கா, நன்றி. இரண்டு விஷயங்கள் இன்னும் உறுத்துகின்றன. சாமியாட்டம் பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அப்புறம், எறிந்தவை எப்படி இத்தனை அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன? யாராவது பிடுங்கிக்கொண்டு போனார்களா? அந்த ஊரார் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?

வடகாற்று எழுதியது:

சாமியாட்டத்தை வேண்டுமென்றே தள்ளிவைத்தேன் தம்பி, ஏனென்றால் பாதிதான் பொருந்தும். அங்கல்குக் தன்னை மறந்து பயணம் போவது உண்டு. ஆனால் முகமூடி அணிந்து ஆடிய எல்லோரும் அங்கல்குக் அல்ல. ஊர் ஆண்கள் ஆடினார்கள், பயிற்சி செய்து, பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் உரிய கையசைவு பிசகாமல் ஆடினார்கள். அருள் வந்து ஆடுகிற ஆட்டத்துக்கு ஒத்திகை இருக்காது, இதற்கு உண்டு. முகமூடி அணிந்தவரின் சொந்தப் பார்வை சின்னத் துளைக்குள் ஒடுங்கிவிடும். அதற்குப் பதிலாக முகமூடிக்குரியவர் பார்க்கத் தொடங்குகிறார் என்பார்கள். அதற்கு மேல் அதை விளக்க எனக்குத் தகுதி இல்லை.

பிடுங்கிக்கொண்டு போனார்களா என்றால், பெரும்பகுதி விலைக்கு வாங்கியவை. எட்வர்ட் நெல்சன் என்பவர் 1877 முதல் 1881 வரை செயின்ட் மைக்கேலில் வானிலை பார்க்கிற வேலையில் இருந்தார். நாய்வண்டியில் கழிமுகம் முழுக்கச் சுற்றி ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காகப் பொருள் சேர்த்தார். ஒன்றுக்கும் உதவாத சாமான்களை வாங்குகிற ஆள் என்று ஊர்க்காரர்கள் அவருக்குப் பெயர் வைத்தார்கள். நாளை மக்கப்போகிறதைக் கேட்டு ஒருவன் பதிலுக்குப் பண்டம் நீட்டினால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அடுத்து 1882-83இல் யோகான் அட்ரியான் யாக்கப்சன் வந்து பெர்லினுக்குச் சேர்த்தார். 1900களின் தொடக்கத்தில் குஸ்கோக்விம் பக்கம் கடை வைத்திருந்த ஏ. எச். ட்விச்சல், முகமூடிகளை வாங்கி நியூயார்க் சேகரிப்பாளர் ஜார்ஜ் ஹேய்க்கு விற்றார். ஒவ்வொன்றுக்கும் என்ன கதை என்று கேட்டுக் குறித்துவைத்த வகையில் அவர் மற்றவர்களைவிட மேல். ஹேய் தன் இருப்பில் சிலவற்றைக் கார்ல்பாக்கிடம் தள்ளிவிட, மீமெய் சொன்ன கடைக் கதை அங்கே ஆரம்பிக்கிறது. நீங்கள் பார்த்த அருங்காட்சியகமே ஹேயின் சேகரிப்பில் பிறந்ததுதான்.

யார் வாங்கினார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் பாதிக் கதை. அடுத்த ஆண்டுக்குப் புதியது செதுக்குவது ஏன் நின்றது என்பது மற்ற பாதி. 1885இல் மொராவிய மிஷனரிகள் (ஒரு புராட்டஸ்டன்ட் சபையினர்) குஸ்கோக்விம் கரையில் உள்ள பெத்தேலில் வந்து இறங்கினார்கள். கத்தோலிக்கப் பாதிரிமார்கள் அடுத்த சில ஆண்டுகளில் நெல்சன் தீவுக்கு வந்தார்கள். முகமூடி சைத்தானின் வேலை என்று போதிக்கப்பட்டது. 1900இல் காய்ச்சலும் தட்டம்மையும் சேர்ந்து வந்து ஊர் ஊராக ஆட்களை வாரிக்கொண்டு போயின. பாட்டு தெரிந்த கிழவர்களும் அங்கல்குக்குகளும் கொத்துக் கொத்தாகச் செத்தால், எந்தப் பாட்டை யார் யாருக்குக் கற்றுத் தருவது? அனாதைப் பிள்ளைகள் மிஷன் பள்ளிகளில் வளர்ந்தார்கள். மொராவியர் கை ஓங்கிய ஊர்களில் ஆட்டமே நின்றுபோனது. நெல்சன் தீவு, ஹூப்பர் பே போன்ற கத்தோலிக்க ஊர்களில் ஆட்டம் பிழைத்துக்கொண்டது. மொராவிய ஊரில் வளர்ந்த என் சக ஆசிரியை ஒருவர், தன் அம்மாவுக்கு மேளச் சத்தம் கேட்டாலே கை நடுங்கும் என்பார். பாவம் செய்துவிட்டோமோ என்ற பயம். மகள் இப்போது ஆடுகிறார், அம்மா வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறார். ஆகவே "அந்த ஊரார் என்ன நினைக்கிறார்கள்" என்பதற்கு ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு பதில் உண்டு.

மீமெய், 20 லட்சம் டாலர் கதையை அங்கே சொல்லிப் பாருங்கள். ஒருவரும் வியக்க மாட்டார்கள், சிரிப்பார்கள். அந்தப் பணத்தில் ஒரு காசும் அந்த ஆற்றங்கரைக்கு வரவில்லை என்பதையும் சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. முதியவர்களே அதற்கு ஒரு வழியில் பதில் சொல்லிவிட்டார்கள். 1996இல், உலகின் பல அருங்காட்சியகங்களிலிருந்து யூப்பிக் முகமூடிகளைத் திரட்டி ஒரு கண்காட்சி நடந்தது. அதன் திறப்பு விழா எங்கே தெரியுமா? நெல்சன் தீவில் உள்ள டோக்சுக் பே என்ற சிறு கிராமத்தில். அதற்குப் பிறகுதான் ஆங்கரேஜ், நியூயார்க், வாஷிங்டன், சியாட்டில். கண்காட்சிக் குறிப்புகளை எழுதியவர்கள் முதியவர்களைக் கேட்டே எழுதினார்கள். நூறு ஆண்டுக்கு மேல் ஊர்ப்பக்கம் வராத முகங்கள் விமானத்தில் வந்து இறங்கின. அடுத்த ஆண்டு டோக்சுக் பேயின் பால் ஜான் உள்ளிட்ட முதியவர்கள் பெர்லினுக்கே போய், யாக்கப்சன் கொண்டுபோனவற்றைக் கையில் எடுத்துப் பார்த்துக் கதை சொன்னார்கள், பாடினார்கள். எல்லாவற்றையும் திருப்பிக் கொடு என்பது அவர்கள் முதல் கோரிக்கையாக இல்லை. இதில் அடங்கிய அறிவு பேரப்பிள்ளைகளுக்கு வந்து சேர வேண்டும் என்பதுதான். எறிய வேண்டியதை எடுத்துப்போனதால் கிடைத்த நன்மை இது; மறுக்க மாட்டேன். அதைக் காரணம் காட்டி, பாட்டை நிறுத்தியவர்களுக்கு நன்றி சொல்லவும் மாட்டேன்.

மண்ணும் தன் பங்குக்குத் திருப்பிக் கொடுக்கிறது. குயின்ஹாகக் கிராமத்துக்கு அருகே நுனால்லெக் என்ற பழைய ஊர் கடலரிப்பில் வெளிப்பட்டு, 2009 முதல் அகழ்வு நடந்தது. உறைநிலம் காத்துவைத்த மரச்சாமான்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன, முகமூடிகளும்தான். அவை வெளியூர் போய்விடவில்லை. 2018இல் அந்தக் கிராமத்திலேயே அவற்றுக்கு ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஒரு வருத்தம்: இவற்றை வெளியே கொண்டுவருகிற அதே வெப்பமும் அலையும்தான் மிச்சத்தைத் தின்றுகொண்டும் இருக்கின்றன.

கோட்டோவியன் எழுதியது:

செய்யலாமா வேண்டாமா என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள் அக்கா. அடுத்த வாரம் தலைப்பைக் கொடுக்க வேண்டும்.

வடகாற்று எழுதியது:

அச்சு அசலாக வேண்டாம். சட்டம் தடுக்காது, யாரும் வந்து கேட்கவும் மாட்டார்கள். ஆனால் அந்த முகம் ஒரு குறிப்பிட்ட ஆள் ஒரு குறிப்பிட்ட குளிர்காலத்தில் கண்டது. அதற்குரிய பாட்டு இல்லாமல் நீங்கள் செய்வது, அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை அழகாக இருக்கிறது என்று மறுபடி அச்சடிப்பது மாதிரி.

செய்முறையைப் பயிலுங்கள், அது யாருக்கும் கெடுதல் இல்லை. லேசான கட்டை எடுங்கள். சட்டத்தை நனைத்து வளைத்து இரண்டு வளையம் கட்டுங்கள். குச்சியில் நிற்கிற துண்டுகள் நடுங்க வேண்டும். நடுங்காவிட்டால் குச்சி தடிமன் என்று பொருள், சீவுங்கள். நடுவில் எந்த முகம் வைப்பது என்பது உங்கள் பாடு. அறிக்கையில் யாரிடம் கற்றீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். யூப்பிக் என்று எழுதுங்கள். எஸ்கிமோ என்று பொத்தாம்பொதுவாக எழுதித் தொலைக்காதீர்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் மார்ச் மாதக் கடைசி வாக்கில் பெத்தேலில் நடக்கும் காமாய் நடன விழாவுக்குப் போங்கள். உயர்நிலைப்பள்ளி விளையாட்டு அரங்கில் நடக்கும். முகமூடி அங்கே அரிதாகத்தான் வரும், அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மேளத்துக்கு இப்போது வால்ரஸ் இரைப்பைத் தோல் கிடையாது, நைலான் துணி. நீளமான மெல்லிய குச்சியால் தட்டுவார்கள். பாட்டுகள் சீல் வேட்டையைப் பற்றியும் இருக்கும், கூடைப்பந்தைப் பற்றியும் இருக்கும். நான் பார்த்த ஒன்றில், பழுதான படகு எஞ்சினின் கயிற்றை இழுத்து இழுத்துத் தோற்கிற ஆளாக ஒரு கிழவர் மண்டியிட்டபடி ஆடினார். அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பாட்டு முடிந்தால் கூட்டத்திலிருந்து "பம்யுவா!" என்று கத்துவார்கள், இன்னொரு முறை என்று. உடனே மேளம் மறுபடி ஆரம்பிக்கும், இன்னும் வேகமாக. நீங்களும் கத்தலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தங்கும் இடத்தை மட்டும் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். அந்த ஊருக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது, விமானத்தில்தான் போக வேண்டும், விழா நேரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம்.